வாயில்லாப் போட்டியாளருக்கு வகுத்த விதிகள்



‘நாய் வாலை நிமிர்த்த முடியுமா?’ என்று கேட்பது நம் நாட்டு வழக்கு. ஒருவரைத் திருத்த இயலாதென்று கைவிடும் வேளையில் நம் நாவில் முதலில் வருவது இச்சொல்லே. அதே நாயை நன்றிக்கு எடுத்துக்காட்டாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். வீட்டு வாயிலில் காவலுக்கும் வைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த நாய் முறையாகப் பயின்று, நடுவர் முன்னிலையில் நின்று, மதிப்பெண் பெற்றுப் பட்டமும் வாங்கும் போட்டிகள் உலகின் பல நாடுகளில் வாரந்தோறும் நடைபெறுகின்றன என்பதை நம்மில் பலர் அறியோம். இத்திங்கள் அப்போட்டிகளைப் பற்றியும், அவற்றை நடத்துவதற்கென வகுக்கப்பட்டுள்ள விதிமுறைகளைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

நாய்களின் விளையாட்டுக்கு விதிநூல் எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓட்டப் பந்தயத்திற்கு வரும் இளைஞன் தானே விரும்பி வருகிறான். பேச்சுப் போட்டிக்கு வரும் மாணவி தன் பெயரைத் தானே எழுதிக் கொடுக்கிறாள். நாய் மட்டும் அவ்வாறு வருவதில்லை. நுழைவுப் படிவத்தில் கையொப்பமிடுபவர் அதன் உரிமையாளர். கட்டணம் செலுத்துபவரும் அவரே. பரிசுக் கோப்பையை வீட்டிற்கு எடுத்துச் செல்பவரும் அவரே. தோற்றால் காரணம் கூறவும், அடிபட்டால் முறையிடவும் நாய்க்கு வாயில்லை. ஆதலால் இவ்விதிநூல்களைப் புரட்டிப் பார்க்கும் எவருக்கும் ஓர் உண்மை விளங்கும். அவற்றில் உள்ளவற்றுள் பெரும்பகுதி நாய்க்கு இடப்பட்ட கட்டளைகள் அல்ல. மனிதருக்கு இடப்பட்ட கட்டளைகள்.

தொடங்கிய கதை

இப்போட்டிகள் இரு வகைப்படும். ஒன்று கீழ்ப்படிதல் போட்டி. மற்றொன்று தடைகளைத் தாண்டியும் ஏறியும் நுழைந்தும் ஓடும் தடையோட்டம். இதனை ஆங்கிலத்தில் அஜிலிட்டி என்பர். முன்னதன் வரலாறு சுவையானது.

அமெரிக்காவில் ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்னும் அம்மையார் பூடில் இன நாய்களை வளர்த்து வந்தார். சுருள் முடியைக் கத்தரித்து அழகுபடுத்தப்படும் இவ்வினத்தைக் கண்டோர், இவை அலங்காரப் பொம்மைகளேயன்றி அறிவுள்ள நாய்கள் அல்ல என்று ஏளனம் செய்தனர். அம்மையார் அவர்களோடு வாதிடவில்லை. இங்கிலாந்தில் அந்நாளில் நடைபெற்று வந்த பணி நாய்த் தேர்வுகளை முன்மாதிரியாகக் கொண்டு, 1933-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நியூயார்க் மாநிலத்து மவுண்ட் கிஸ்கோ என்னும் ஊரில், தம் தந்தையாரின் பண்ணை வளாகத்தில் ஒரு போட்டியை நடத்தினார். வந்து கலந்துகொண்ட நாய்கள் 8 மட்டுமே. அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கே சென்று அங்குள்ள பயிற்சி முறைகளை நேரிற் கண்டு வந்தார். அவருடைய இடைவிடாத முயற்சியின் பயனாக 1936-இல் அமெரிக்கக் கென்னல் கிளப் இப்போட்டிக்கு முறையான விதிகளை ஏற்றுக்கொண்டது. 1937-இல் அவரும் அவருடைய துணைவராய் இருந்த பிளான்ச் சாண்டர்ஸ் என்னும் பயிற்சியாளரும், காருக்குப் பின்னே ஒரு வண்டியைப் பூட்டி, நாய்களையும் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 10,000 மைல் பயணம் செய்து, ஊர் ஊராக இக்கலையைச் செய்து காட்டினர்.

ஓர் இனத்தை அதன் தோற்றத்தைக் கொண்டு மட்டும் எடைபோடலாகாது, செயலைக் கொண்டு எடைபோட வேண்டும் என்பதே அவ்வம்மையார் எழுப்பிய வழக்கு. அவ்வழக்கு விதிகளின் அடித்தளத்திலேயே பதிந்துவிட்டது. அழகுக் காட்சியில் நாயின் உடலமைப்புக்கு மதிப்பெண் உண்டு. கீழ்ப்படிதல் போட்டியில் அதற்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

200 மதிப்பெண் எவ்வாறு பிரிகிறது?

அமெரிக்கக் கீழ்ப்படிதல் போட்டியில் தொடக்க நிலை, நடு நிலை, உயர் நிலை என மூன்று படிகள் உண்டு. எந்நிலையாயினும் முழு மதிப்பெண் 200. தொடக்க நிலையில் என்னென்ன கேட்கப்படுகின்றன என்பதை மட்டும் காண்போம்.

முதலாவது, வாரில் பிணைத்த நிலையில் உரிமையாளரின் இடப்புறமாக அவருடைய காலோடு ஒட்டி நடத்தல். நடுவர் ‘நட’, ‘வலப்புறம் திரும்பு’, ‘மெதுவாக’, ‘விரைவாக’, ‘நில்’ என்று கூறக் கூற, நாய் முன்னே பாயாமலும் பின்னே தங்காமலும் உடன் வர வேண்டும். நின்றதும் தானே அமர வேண்டும். பின்னர் 8 அடி இடைவெளியில் நிற்கும் இரு உதவியாளர்களைச் சுற்றி எட்டு என்னும் எண்ணின் வடிவில் நடக்க வேண்டும். இதற்கு 40 மதிப்பெண். இரண்டாவது, உரிமையாளர் 6 அடி தள்ளி நிற்க, அறிமுகமில்லாத நடுவர் வந்து தலையையும் முதுகையும் பின்புறத்தையும் தொடும்போது அசையாமலும் அஞ்சாமலும் நிற்றல், 30 மதிப்பெண். மூன்றாவது, வாரின்றி உடன் நடத்தல், 40 மதிப்பெண். நான்காவது, ஏறத்தாழ 30 அடித் தொலைவிலிருந்து ஒரே அழைப்பில் விரைந்து வந்து முன்னே அமர்தல், 30 மதிப்பெண். எஞ்சிய 60 மதிப்பெண், அமர்ந்த இடத்திலும் படுத்த இடத்திலும் பொறுமையோடு காத்திருப்பதற்கு உரியது.

தேர்ச்சி பெறுவதற்கு 170 மதிப்பெண் வேண்டும். அதனோடு, ஒவ்வொரு பயிற்சியிலும் அதற்குரிய மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் பெற்றிருக்கவும் வேண்டும். இவ்விரண்டாம் நிபந்தனை மிகப் பொருள் பொதிந்தது. ஒன்றில் வல்லவனாயிருந்து மற்றொன்றில் முற்றிலும் தவறிய நாய், கூட்டுத்தொகையைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது. அழகாக உடன் நடக்கும் நாய், கூப்பிட்டபோது வரவில்லையென்றால் அதனைக் கீழ்ப்படிதலுள்ள நாய் என்று எவ்வாறு கூறுவது? மேலும் ஒரே நாளில் பட்டம் கிடைத்துவிடுவதில்லை. மூன்று போட்டிகளில் இவ்வாறு தேர்ச்சி பெற்றால்தான் சி.டி. என்னும் பட்டம் பெயரோடு சேரும். ஒரு நாளின் நல்லூழை விதி நம்புவதில்லை; நிலைத்த பழக்கத்தையே நம்புகிறது.

நடத்துவோரின் கடமைகள்

போட்டி நடைபெறும் நாளுக்கு மிக முன்னரே நடத்தும் கழகத்தின் வேலை தொடங்கிவிடுகிறது. தலைவர் ஒருவரும் செயலாளர் ஒருவரும் நியமிக்கப்படுகின்றனர். அன்றைய ஒழுங்கிற்குப் பொறுப்பேற்க, குறைந்தது ஐவர் கொண்ட குழு அமைக்கப்படுகிறது. இடம், நாள், நடுவர்களின் பெயர், வகுப்புகள், கட்டணம், பரிசுகள், பதிவு முடியும் நாள் ஆகிய அனைத்தையும் தாங்கிய அறிவிப்பு ஏடு முன்கூட்டியே அச்சிட்டு அனுப்பப்படுகிறது. பதிவு முடியும் நேரம் கடந்த பின்னர், எத்துணை நெருங்கிய நண்பராயினும் அவருடைய படிவம் ஏற்கப்படுவதில்லை.

ஒரு நடுவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை நாய்களைப் பார்க்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. தொடக்க நிலையில் 8, நடு நிலையில் 7, உயர் நிலையில் 6 என்ற அளவில் நேரம் ஒதுக்கப்படும். பதிவுகள் மிகுந்துவிட்டால் மற்றொரு நடுவரை அமர்த்த வேண்டுமேயன்றி, ஒருவரையே விரட்டி வேலை வாங்குதல் கூடாது. களைத்த நடுவரின் கண்ணுக்குக் காலையில் வந்த நாயும் மாலையில் வந்த நாயும் ஒன்றுபோல் தோன்றா அல்லவா?

நடுவர் தம்முடைய நாயையோ, தம் வீட்டார் நாயையோ, தாம் வழக்கமாகப் பயிற்றுவித்த நாயையோ மதிப்பிடுதல் கூடாது. களம் சமதளமாய் இருத்தல் வேண்டும். திறந்தவெளியாயின் ஏறத்தாழ 40 அடி அகலமும் 50 அடி நீளமும் உடையதாய்ச் சுற்றிலும் தடுப்புக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அழைத்தால் வரக்கூடிய கால்நடை மருத்துவர் ஒருவர் ஏற்பாடு செய்யப்பட்டிருக்க வேண்டும். போட்டியாளர் கையில் எண் பொறித்த பட்டை கட்டிக்கொள்வர். நடுவர் அறியவேண்டியது அவ்வெண் மட்டுமே.

களத்தினுள்ளே நடுவர் எந்த வரிசையில் ‘நட’, ‘திரும்பு’, ‘நில்’ என்று ஒரு நாய்க்குக் கூறினாரோ, அதே வரிசையில்தான் அவ்வகுப்பின் எல்லா நாய்களுக்கும் கூற வேண்டும். களத்தின் வெளியே நிற்கும் நண்பரோ மனைவியோ கண்ணசைத்தோ கைகாட்டியோ நாய்க்கு உதவுதல் கூடாது. தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே செல்லுதலும் கூடாது. ஒரு கட்டளையை ஒருமுறையே கூறலாம். மறுமுறை கூறினால் மதிப்பெண் குறையும். சிறு பிழைகளுக்கு அரை மதிப்பெண் வரை நுணுகிக் கணக்கிடப்படும். முதற்பரிசுக்கு இருவர் சமமாக நின்றால், திருவுளச் சீட்டுப் போடுவதில்லை. வாரின்றி உடன் நடக்கும் பயிற்சியை இருவரும் மீண்டும் செய்து காட்ட வேண்டும்.

இத்துணைக் கண்டிப்பினிடையே ஓர் இரக்கமும் இருக்கிறது. உடற்குறையுள்ள ஒருவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தம் நாயோடு வந்தால், அவருக்கு இயலும் வகையில் செய்முறையை மாற்றித்தர நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நாய் செய்யவேண்டிய பகுதியில் சலுகை கிடையாது. இது நேர்மையையும் பரிவையும் ஒருங்கே காக்கும் வழியென நாம் கருதுகிறோம்.

தடையோட்டம்

மற்றொரு போட்டியாகிய தடையோட்டம் இங்கிலாந்தில் பிறந்தது. இலண்டனில் ஆண்டுதோறும் நடைபெற்று வந்த கிரஃப்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற நாய்க் காட்சியில், நிகழ்ச்சிகளின் இடைவேளையில் மக்களை மகிழ்விக்க ஏதேனும் வேண்டும் என்று 1978-ஆம் ஆண்டு குழு உறுப்பினர் ஜான் வார்லி எண்ணினார். குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் போன்று நாய்களுக்கும் அமைத்தால் என்ன என்று தோன்றியது. பீட்டர் மீன்வெல் என்னும் பயிற்சியாளரின் துணையோடு அது களத்தில் நிகழ்த்திக் காட்டப்பட்டது. கூடியிருந்தோர் பெரிதும் மகிழ்ந்தனர். இடைவேளை நிரப்ப வந்த வேடிக்கை, 1980-ஆம் ஆண்டிற்குள் இங்கிலாந்துக் கென்னல் கிளப்பின் விதிகளைப் பெற்றுத் தனி விளையாட்டாகியது.

இன்று பல நாடுகளைத் தழுவிய எஃப்.சி.ஐ. என்னும் கூட்டமைப்பின் விதிப்படி, தடையோட்டக் களம் குறைந்தது 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் உடையதாய் இருத்தல் வேண்டும். அதில் 15 முதல் 22 வரை தடைகள் அமைக்கப்படும். தாண்டுவதற்குக் குறுக்குக் கம்புகள், நுழைவதற்கு வளைந்த குழாய்ச் சுரங்கம், பாய்வதற்கு டயர் வளையம், வளைந்து வளைந்து செல்வதற்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட 12 கழிகள், ஏறி இறங்குவதற்குக் கூரை வடிவான இரட்டைப் பலகை, நடப்பதற்கு 30 சென்டிமீட்டர் அகலமே உள்ள உயர்ந்த பாலம், சிறுவர் பூங்காவில் காணும் சீசா போன்ற பலகை ஆகியன அவற்றுட் சில.

குள்ள நாயும் நெட்டை நாயும் ஒரே உயரம் தாண்ட வேண்டும் என்பது நீதியாகாது. ஆகவே நாயின் முன்தோள் உயரத்தை அளந்து பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. 2023 முதல் சிறியது, நடுத்தரம், இடைநிலை, பெரியது என நான்கு பிரிவுகள். மிகச் சிறியவற்றுக்குக் கம்பு 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைக்கப்படும். பெரியவற்றுக்கு 55 முதல் 60.

தடைகளை எந்த வரிசையில் அமைப்பது என்பதை நடுவரே தீர்மானிக்கிறார். ஒவ்வொரு முறையும் அமைப்பு மாறும். போட்டிக்கு முன்னர் நாய்களை வெளியே விட்டுவிட்டு, அவற்றை நடத்துவோர் மட்டும் களத்தினுள் நடந்து பார்த்து வழியை மனத்திற் பதித்துக்கொள்ள நேரம் தரப்படும். நாய்க்கோ அவ்வழி முற்றிலும் புதிது. வழி அறிந்தவர் மனிதர். விரைவு உடையது நாய். சரியான வேளையில் சரியான குறிப்பைத் தராமற்போனால், நாய் தவறான தடைக்குள் பாய்ந்து போட்டியிலிருந்தே நீக்கப்படும். அத்தவறு யாருடையது என்பதைக் களத்தைச் சுற்றி நிற்போர் அனைவரும் அறிவர்.

கம்பு வீழ்ந்தால் 5 பிழைப் புள்ளிகள். தடையருகே வந்து மறுத்தால் 5. மூன்றாம் முறை மறுத்தால் நீக்கம். குறித்த நேரத்தைக் கடந்தால் கடந்த நேரத்திற்கும் பிழைப் புள்ளி சேரும். நடுவர் விரித்த கையை உயர்த்தினால் பிழை. மூடிய கையை உயர்த்தினால் மறுப்பு. அதனைக் குறித்துக்கொள்ளும் எழுத்தர், ஓடும் நாயைப் பார்த்து மகிழ்தல் கூடாது. நடுவரின் கையிலேயே கண் வைத்திருக்க வேண்டும். நேரம் குறிப்பவர், அடுத்த போட்டியாளரை வரிசைப்படுத்துபவர், வீழ்ந்த கம்பை எடுத்து வைப்பவர், கழற்றிய வாரை எடுத்துச் சென்று முடிவிடத்தில் வைப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. இவர்களுட் பலர் ஊதியமின்றி உழைப்போர். தம் நாயின் முறை முடிந்ததும் பிறருடைய நாய்க்காக வெயிலில் நிற்போர்.

ஏறும் பலகைகளின் அடிப்பகுதி வேறு வண்ணம் பூசப்பட்டிருக்கும். நாய் இறங்கும்போது அவ்வண்ணப் பகுதியில் ஒரு பாதமேனும் பட வேண்டும், படாவிட்டால் பிழை. பார்ப்போருக்கு இது வீண் நுணுக்கமாகத் தோன்றும். காரணம் கேட்டால் விளங்கும். கூரைப் பலகையின் உச்சி 1.70 மீட்டர் உயரம். வெற்றி வேகத்தில் நாய் உச்சியிலிருந்தே கீழே குதித்தால் அதன் தோள் மூட்டுகள் சிதையும். குதிக்காதே என்று நாய்க்கு அறிவுரை கூற இயலாது. ஆகவே அடிவரை இறங்கி வரும் நாய்க்கே வெற்றி என்று விதி அமைத்து, அவ்வாறு பழக்கும் பொறுப்பை மனிதர் தலையில் வைத்தனர்.

காயம் கற்பித்த பாடங்கள்

விதிகள் ஒருமுறை எழுதப்பட்டு அப்படியே நின்றுவிடவில்லை. இப்போட்டிகளின் வரலாற்றில் நாம் பெரிதும் மதிப்பது இதனையே. நாய் வாய் திறந்து முறையிடாவிட்டாலும், அதன் உடலில் ஏற்பட்ட காயத்தை முறையீடாகக் கொண்டு மனிதர் தம் விதிகளைத் திருத்திக்கொண்டனர்.

அமெரிக்கக் கீழ்ப்படிதல் போட்டியின் தொடக்க நாள்களில் நாய் தன் முன்தோள் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு உயரம் தாண்ட வேண்டியிருந்தது. அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு, இன்று பெரும்பாலான இனங்களுக்கு அவற்றின் உயரமே அளவாக நிற்கிறது. கனத்த உடலும் குட்டைக் காலும் உடைய சில இனங்களுக்கு அதனினும் குறைவு.

தடையோட்டத்தில் துணியால் ஆகிய மூடிய சுரங்கம் ஒன்று இருந்தது. நாய் கண்மூடித்தனமாக அதனுள் நுழைந்து, படுத்துக் கிடக்கும் துணியைத் தள்ளிக்கொண்டு வெளிவர வேண்டும். துணி முறுக்கிக்கொண்டால் நாய் அதனுள் சிக்கித் தடுமாறி விழும். அமெரிக்கக் கென்னல் கிளப் 2016-ஆம் ஆண்டு அத்தடையையே களத்திலிருந்து நீக்கியது. டயர் வளையமும் அவ்வாறே மாறியது. நாய் மோதினால் தானே பிரிந்துகொள்ளும் வளையங்கள் வந்தன.

மற்றொரு மாற்றம் இன்னும் ஆழமானது. முன்னர் கீழ்ப்படிதல் போட்டியின் நடு நிலையில், பல நாய்களை வரிசையாக அமர்த்திவிட்டு, நடத்துவோர் அனைவரும் கண்ணுக்கு மறைவாகச் சென்றுவிடுவர். நாய்கள் 3 நிமிடம் அமர்ந்தும், 5 நிமிடம் படுத்தும் அசையாதிருக்க வேண்டும். பார்ப்பதற்கு மிக அழகிய காட்சி. ஆனால் வரிசையில் உள்ள ஒரு நாய் எழுந்து பக்கத்து நாயின் மேல் பாய்ந்தால், சொன்ன சொல் மீறாமல் கிடந்த நாயே கடிபடும். தடுப்பதற்கு அதன் தலைவர் அருகில் இல்லை. கீழ்ப்படிந்ததற்கே தண்டனை என்றாகிவிடுகிறது. நெடுநாள் விவாதத்திற்குப் பின்னர், 2018-ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து அப்பயிற்சி நீக்கப்பட்டது. தொடக்க நிலையில் கூட்டாகக் காத்திருக்கும் பயிற்சியும், வார் பிணைத்து 6 அடித் தொலைவுக்குள் நின்று செய்வதாக மாற்றப்பட்டது. பழைமையை விரும்புவோர் பலர் வருந்தினர். நம்பிக் கிடப்பதைக் காக்க வழியில்லாத இடத்தில் நம்பிக் கிட என்று கட்டளையிடுவது முறையாகாது என்பதே அம்மாற்றத்தினால் நாம் பெறும் பாடம்.

2010-ஆம் ஆண்டு வேறொரு கதவும் திறந்தது. அதுவரை தூய இனமென்று பதிவு பெற்ற நாய்களே அமெரிக்கக் கென்னல் கிளப்பின் இப்போட்டிகளில் நுழைய முடியும். அவ்வாண்டு முதல் கலப்பின நாய்களுக்கும் இடம் தரப்பட்டது. தெருவோரத்தில் பிறந்து காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட நாயும், தலைமுறைக் கணக்கு எழுதிய நாயும் ஒரே களத்தில், ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படுகின்றன. 1933-இல் வாக்கர் அம்மையார் தொடங்கிய வழக்கு அவ்வாண்டு மேலும் ஒரு படி முன்னேறியது எனலாம்.

கைநீட்டுதல் கூடாது

களத்தில் நாய் தவறு செய்தால், அதனை அங்கேயே அடட்டித் திருத்த முயல்பவருக்கு மதிப்பெண் குறையும். அடித்தாலோ துன்புறுத்தினாலோ நடுவர் அவரை வெளியேற்றுவார்; குழு விசாரணை நடத்தித் தண்டிக்கும். நெரிக்கும் சங்கிலியோடு தடையோட்டத்தில் ஓட விடுதல் கூடாது. நொண்டும் நாய், கட்டுப்போட்ட நாய் களத்தினுள் அனுமதிக்கப்படா. உரிமையாளர் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தவராயினும் நடுவர் அவரைத் திருப்பியனுப்ப வேண்டும். எலும்பு முற்றாத குட்டிகளுக்கும் தடை உண்டு. எஃப்.சி.ஐ. விதிப்படி 18 மாதமும், அமெரிக்க விதிப்படி 15 மாதமும் நிரம்பாத நாய் தடையோட்டத்தில் ஓடலாகாது. மனிதரையோ மற்றொரு நாயையோ தாக்கிய நாய் தகுதி நீக்கம் பெறும். முறைப்படி மீண்டும் ஏற்கப்படும் வரை அதற்குப் போட்டிகளில் இடமில்லை. அன்பு வேறு, பிறருடைய பாதுகாப்பைப் பணயம் வைக்கும் சலுகை வேறு என்பதை விதி மறக்கவில்லை.

கீழ்ப்படிதல் போட்டியில் ஒரு பயிற்சி முடிந்து அடுத்தது தொடங்குமுன் நாயைத் தட்டிக்கொடுத்துப் பாராட்டலாம் என்று விதி வெளிப்படையாகவே இடம் தருகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு, விருப்போடு செய்யும் நாய் எது, அச்சத்தால் செய்யும் நாய் எது என்பது விளங்காமற்போகாது. வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கிக்கொண்டு செய்யும் கீழ்ப்படிதலை எந்த நல்ல நடுவரும் விரும்புவதில்லை.

நம் ஊரில் நடத்த விரும்புவோர்க்கு

1896-ஆம் ஆண்டு தோன்றிய இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. நாய்க் காட்சிகளும் கீழ்ப்படிதல் தேர்வுகளும் நம் நாட்டிலும் நடைபெறுகின்றன. முறையான பட்டப் போட்டிக்கு அத்தகைய அமைப்பின் அனுமதி வேண்டும். ஆனால் ஊர் இளைஞர்கள் கூடி விடுமுறை நாளில் சிறிய அளவில் நடத்திப் பார்க்க விரும்பினால், மேற்கூறியவற்றின் சாரத்தைப் பின்பற்றலாம்.

விடியற்காலையிலேயே தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை; மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காய்ந்த சிமெண்டுத் தளம் அதன் பாதத்தைப் பொசுக்கும். புல்தரையோ மண்தரையோ தேட வேண்டும். நிழலும் தண்ணீரும் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியே இருத்தல் நலம். மூடிய காருக்குள் நாயை விட்டுச் செல்ல ஒருவரையும் அனுமதித்தல் கூடாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட சான்று காட்டாத எந்த நாயையும் சேர்த்தல் கூடாது. இதில் தயவு தாட்சணியத்திற்கு இடமில்லை. நாய்களுக்கிடையே நல்ல இடைவெளி வேண்டும். சிறுவர்கள் தடுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். அறிமுகமில்லாத நாயைத் தொடுமுன் உரிமையாளரைக் கேட்க அவர்களைப் பழக்க வேண்டும். பட்டாசும் காதைப் பிளக்கும் ஒலிபெருக்கியும் அறவே வேண்டா. கால்நடை மருத்துவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். தடைகளை நாயின் முழங்கால் அளவுக்கு வைத்தாலே போதும். முதல் முறை வருவோருக்கு உயரம் முக்கியமன்று. நடுவராக வருபவர் தம் உறவினரின் நாயை மதிப்பிடாதவராய் இருத்தல் வேண்டும். விதிகளை முதல் நாளே எழுதி எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டால் மறுநாள் வரும் சண்டையில் பாதி குறையும்.

போட்டி நடத்தாவிடினும், வீட்டில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் இவ்விதிகளிலிருந்து பெறத்தக்கது ஒன்று உண்டு. பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போட்டு, இரவில் அவிழ்த்துவிட்டு, சொன்னதைக் கேட்கவில்லை என்று கல்லெடுத்து எறிகிறோமே, அந்த நாய்க்கு நாம் என்ன கற்பித்தோம்? ‘வா’ என்றால் வருவதும், ‘இரு’ என்றால் இருப்பதும் நாய்க்கு இயல்பாக வருவன அல்ல. நாள்தோறும் கால் மணி நேரம், ஒரே சொல்லால், ஒரே முறையில், சினமின்றிக் கற்பித்தால் சில வாரங்களில் பழகிவிடும். வீட்டில் தந்தை ஒரு சொல்லும், மகன் வேறொரு சொல்லும், பாட்டியார் மூன்றாவது சொல்லும் கூறினால் நாய் எதற்குக் கீழ்ப்படியும்? எனவே, நாய்க்குப் பயிற்சி தொடங்குமுன் வீட்டார் தமக்குள் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. வாசல் திறந்திருந்தபோது சாலைக்கு ஓடிய நாய், ஒரே அழைப்பில் திரும்பி வந்தால் அதன் உயிர் தப்பும். எதிரே வரும் சைக்கிள்காரரும் தப்புவார். அந்த ஓர் அழைப்புக்குக் களத்தில் 30 மதிப்பெண். நம் தெருவிலோ அதன் மதிப்பு ஓர் உயிர்.

நாயின் வால் நிமிர்ந்ததா என்று போட்டிகளில் எந்த நடுவரும் பார்ப்பதில்லை. அதனைப் பிடித்து நடத்துபவரின் கை தளர்ந்திருக்கிறதா, குரல் சீராக இருக்கிறதா, தவறியபோது முகம் கடுக்கிறதா என்பனவே களத்தைச் சுற்றி நிற்போர் கண்ணிற் படுவன. கீழ்ப்படிதலைக் கேட்பவருக்கே முதலில் கட்டுப்பாடு வேண்டும் என்று இவ்விதிநூல்கள் பக்கந்தோறும் கூறுகின்றன. நாய் வளர்ப்போருக்கு மட்டுமன்றி, பிள்ளை வளர்ப்போருக்கும், பணியாளரை வைத்து நடத்துவோருக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது. வாசகர்கள் சிந்திப்பார்களாக.